ஓடி ஓய்தல்

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நான் நலம். நீங்களும் உங்கள் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதவி உயர்வோடு மாற்றலாகிப் போன சேதியை உங்கள் அண்ணன் வேலை பார்த்த சலவைச்சாலை வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பரவாயில்லை. உங்கள் அண்ணன் போன துக்கத்தில் சொல்லிக்கொள்ள மறந்திருப்பீர்கள்.

கம்பெனி ஆபீஸிலிருந்து நீங்கள் அனுப்பிய, அவர் விபத்தைப் பற்றிய விசாரணை அறிக்கை வந்தது. கூடவே நான் கையெழுத்துப் போட வேண்டிய தாளும் வந்தது. 'அறிக்கையைப் படித்துப் புரிந்துகொண்டேன், மறுப்பு எதுவும் இல்லை' என்று அந்தத் தாளில் நல்ல தமிழில் இருக்கிறது. அறிக்கைதான் இங்கிலீஷில் இருக்கிறது. புரியாத ஒன்றைப் புரிந்துகொண்டேன் என்று எப்படிப் போடுவது?

எட்டாவது வரை படித்த அறிவை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். நான்கு பக்கத்தில் 'ரன்' என்கிற வார்த்தை ஏழு இடத்தில் வருகிறது. ரன் என்றால் ஓடு என்று எனக்கும் தெரியும், கிரிக்கெட்டில் ஓடுகிறார்களே. ஆனால் ஏழு இடத்திலும் ஓடு என்று போட்டுப் பார்த்தால் எதுவும் ஒட்டவில்லை. உங்கள் அண்ணன் மிஷினை ஓடினார் என்கிறது. யாரோ கம்பெனியை ஓடுகிறார் என்கிறது. உருளை கீழே ஓட வேண்டும் என்கிறது. துணி பிழிகிற உருளை எங்கே தம்பி கீழே ஓடும்?

நம் குடும்பத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் அண்ணன் உங்களைப் பெயர் சொல்லியா கூப்பிட்டார், 'டேய் அகராதி' என்றுதானே. சிரமம் பார்க்காமல் எழுதுங்கள். போன் வேண்டாம். காஜா மிஷின் சத்தத்தில் என் காது பாதி போய்விட்டது. நீங்கள் ரன் என்றால் எனக்கு மண் என்று கேட்கும். எழுதினால் நாலு தடவை படித்துக்கொள்வேன்.

புரிந்ததும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 15

பெருமதிப்புக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. சொல்லிக்கொள்ளாமல் வந்தது என் தவறுதான். அந்த நாட்களில் யார் முகத்தையும் பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை.

கையெழுத்து வெறும் சம்பிரதாயம், அதற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. ஆனாலும் நீங்கள் கேட்ட கேள்வி எளிய கேள்வி அன்று. இங்கிலீஷில் இருக்கிற வினைச்சொற்களிலேயே அதிகம் பிள்ளை பெற்ற சொல் இந்த ரன். பெரிய அகராதிகளில் பக்கம் பக்கமாகப் போகும். மனிதன் ஓடினாலும் ரன், ஆறு ஓடினாலும் ரன். குழாயில் தண்ணீர் வந்தால் ரன், சளி பிடித்து மூக்கு ஒழுகினாலும் ரன். துணி சாயம் போனால் அதுவும் ரன். ஒருவர் கம்பெனியை நடத்தினால் ரன், பஸ் ஒரு வழித்தடத்தில் போய்வந்தால் ரன், தேர்தலில் நின்றால்கூட ரன் என்பான். நாம் நிற்கிறார் என்கிறோம், அவன் ஓடுகிறார் என்கிறான்! ஒரு குணம் தலைமுறை தலைமுறையாக வந்தால் குடும்பத்தில் ஓடுகிறது என்பான். பின்னால் ஒரு சின்னச் சொல் சேர்ந்துகொண்டால் இன்னும் வேடிக்கை. ரன் அவுட் என்றால் தீர்ந்துபோவது. ரன் இன்டு என்றால் எதிர்பாராமல் எதிரே சந்திப்பது. ரன் ஓவர் என்றால் வண்டியை ஏற்றுவது. சொல் தெரிந்தால் போதாது, இடம் தெரிய வேண்டும். அதற்குத்தான் என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம்.

அறிக்கையில் உள்ள முக்கியமான வரி இது: 'லெட் த டிரம் ரன் டவுன்.' இதில் ரன் டவுன் என்பதற்குக் கீழே ஓடுவது என்று பொருள் கொண்டால் அது பள்ளிக்கூடத்துப் பிள்ளை செய்யும் பிழை. விசை நின்றபின் சக்கரம் தானாக ஓடி, மெல்ல மெல்ல வேகம் தணிந்து, ஓய்ந்து நிற்பதைத்தான் அது குறிக்கிறது. எனவே சரியான தமிழ்: 'உருளை தானாக ஓடி ஓய்ந்து முழுவதும் நின்ற பிறகே மூடியைத் திறக்கவும்.' மிஷினில் மாட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகையை மொழிபெயர்த்தவனே நான்தான். மிஷின் வந்து இறங்கிய நாளிலிருந்து அதன் தலைக்கு மேல் இந்த வாசகம்தான் இருக்கிறது.

அண்ணன் ஏனோ அன்று அதைக் கவனிக்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும். அவரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அறிக்கை அப்படிச் சொல்கிறது, அவ்வளவே.

இனித் தாமதிக்காமல் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

தங்கள் அன்புத் தம்பி


ஜனவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

எவ்வளவு பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள். வாத்தியாராகப் போயிருக்க வேண்டியவர்.

உங்கள் கடிதத்தைப் படித்த ஆசையில் பழைய புத்தகக் கடையில் ஓர் அகராதி வாங்கிவிட்டேன். அட்டை இல்லை, முதல் பத்துப் பக்கமும் இல்லை. ரன் பத்திரமாக இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டு ஓர் அர்த்தத்துக்கு ஒரு வரி என்று எழுதிக்கொண்டு வருகிறேன். காஜா போடுகிற இடத்தில் நோட்டைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, இந்த வயசுல அகராதி பிடிச்சு அலையிற?" என்று சிரிக்கிறார்கள். பிடித்துத்தான் இருக்கிறது. நாங்கள் ரன்னிங் தையல் என்று நாளெல்லாம் போடுகிறோமே, அதுவும் உங்கள் ரன்தானாம். இத்தனை வருஷம் தெரியாமல் ஓட்டியிருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். சலவைச்சாலைப் பெண்கள் சிலர் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள். பலகையில் முதலில் வேறு ஏதோ இருந்தது, பிறகு மாற்றினார்கள் என்று. நான் நம்பவில்லை. ஆனால் கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது? ஒரே பலகைதான், இந்தத் தேதியில் எழுதியது, மாற்றவே இல்லை என்று நீங்கள் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் அவர்கள் வாயை அடைத்துவிடுவேன்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 3

அண்ணிக்கு,

வணக்கம். வேலையற்றவர்கள் பேச்சை வீட்டுக்குள் விடாதீர்கள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆனாலும் நீங்கள் கேட்டதால் தெளிவாகவே எழுதுகிறேன்.

அந்தப் பலகை சென்ற வருடம் மார்ச் இரண்டாம் தேதி எழுதி மாட்டப்பட்டது. அன்றிலிருந்து இன்றுவரை ஒரே பலகை. ஓர் எழுத்துக்கூட மாற்றப்படவில்லை. விசாரணை அதிகாரி ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி பார்த்ததும் அதே பலகையைத்தான். யாராவது மறுத்துப் பேசினால் இந்தக் கடிதத்தையே எடுத்துக் காட்டுங்கள்.

போதுமா? இரண்டு முறை கேட்டுவிட்டேன், அந்தத் தாள் இன்னும் வரவில்லை. மேலிடத்தில் எனக்குத்தான் கெட்ட பெயர். இங்கே எனக்கு உடம்பும் சரியில்லை. சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. டாக்டர் ஒன்றும் இல்லை என்கிறார்.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

இந்தத் தேதி வரை உன்னை நீங்கள் என்று எழுதியது போதும்.

பலகை என்னிடம் இருக்கிறது. பழையது. பச்சை அடித்த தகரத்தில் வெள்ளை எழுத்து. 'மூடியைத் திறக்கும் முன் உருளையைக் கீழ்நோக்கி ஓடவிடவும்.' பள்ளிக்கூடத்துப் பிள்ளை செய்யும் பிழை என்று நீயே எழுதியிருக்கிறாயே, அந்தப் பிழை. கீழே ஓரத்தில் மொழிபெயர்ப்பு என்று போட்டு உன் பெயரையும் எழுத வைத்திருக்கிறாய். கழிவறைப் பக்கம் மாட்டிய பலகையிலும் உன் பெயர் இருக்கிறது என்று சலவைச்சாலையில் சிரிப்பார்களாம்.

எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். சொல்கிறேன். டிசம்பரில் உன் அண்ணனுடைய சாப்பாட்டு டப்பாவையும் மாற்றுச் சட்டையையும் வாங்கிவர அங்கே போனேன். சட்டையைக் கையில் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு, சலவைச் சோடா வைக்கிற தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். தொட்டிக்கு ஒரு தகர மூடி. ஒரு பெண் சோடா அள்ள அதைத் தூக்கினாள். அடிப்பக்கம் என் முகத்துக்கு நேரே வந்தது.

போர்டு எழுதுகிற பெயின்டரைத் தேடிப் போனேன். அவர் மறைக்கவில்லை. "ஆக்ஸிடென்ட் நடந்த மறுநாள் காலையில ஆபீஸ்ல இருந்து ஆள் வந்தாங்கம்மா. ஒரு மணிக்குள்ள புது போர்டு வேணும்னாங்க. பழச உடைச்சுப் போடச் சொன்னாங்க. நல்ல தகரம், உடைக்க மனசு வரல. தொட்டிக்கு ஆகும்னு குடுத்துட்டேன்" என்றார். எழுத வேண்டிய வாசகம் ஒரு தாளில் வந்ததாம். அந்தத் தாளையும் வைத்திருந்தார். அழகான கையெழுத்து. எனக்குத் தெரிந்த கையெழுத்து. அன்று பிற்பகல் அதிகாரி வந்து பார்த்தபோது பெயின்ட் காயவில்லை, வாடை தாங்காமல் அவருக்கு மூக்கு ஒழுகியது என்று பெண்கள் சொன்னார்கள். அதுவும் ரன்தானே?

நான் ஜனவரியில் 'அன்புள்ள தம்பிக்கு' என்று எழுதினபோது அந்தத் தகரம் என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. ரன் டவுன் என்றால் என்ன என்று, அந்த முதல் கடிதம் எழுதும் முன்பே அகராதி வாங்கிப் பார்த்துவிட்டேன். எனக்கு வேண்டியிருந்தது அர்த்தம் இல்லை. அது உன் கையெழுத்தில் வேண்டியிருந்தது. உனக்கு அர்த்தம் தெரியும் என்பதும், பலகையை மாற்றவே இல்லை என்ற பொய்யும், இரண்டும் உன் கையாலேயே எழுதி, நீயே தபால்தலை ஒட்டி அனுப்பிவிட்டாய். காட்டச் சொல்லியும் எழுதியிருக்கிறாய். காட்டுகிறேன்.

இன்னொன்று. நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. போன வருடம் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாய். உன் அண்ணன் கேட்டார்: "டேய் அகராதி, அந்த மிஷின் போர்டு சரியாடா? கீழ்நோக்கின்னா கீழம்பு பட்டன், அந்தக் கீழ பாத்த அம்புக்குறி போட்டதுதானே? அத அமுக்குனா உருள நிக்க மாட்டேங்குதுடா. மெதுவா ஓடிக்கிட்டே இருக்கு. அப்படியே மூடியத் தொறக்கச் சொல்றியே?" நீ தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரன்னுனா ஓடு. டவுன்னா கீழ. இதுல என்ன சந்தேகம்? நீ துணியப் பிழிண்ணே, இங்கிலீஷ நான் பாத்துக்கிறேன்."

நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு என்னை நானே தனியாகக் கவனித்துக்கொள்கிறேன். இப்போது உன் முறை.

அண்ணி


பிப்ரவரி 26

அண்ணிக்கு,

முதல்முறையாக என்னை ஒருமையில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தைப் பிரித்ததும் என் கண்ணில் பட்டது அதுதான். மற்றதெல்லாம் பிறகுதான் படித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நாற்பத்திரண்டு பலகைகள். மேனேஜர் காலையில் கொடுத்து, "மத்தியானத்துக்குள்ள முடிச்சிரு, நாளைக்கு இன்ஸ்பெக்ஷன்" என்றார். நான் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து எழுதுகிறவன். அந்த மிஷினை இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை. கீழம்பு என்று ஒரு பட்டன் இருப்பதோ, அதை அமுக்கினால் வேகம் குறையுமே தவிர நிற்காது என்பதோ எனக்கு எப்படித் தெரியும்? அண்ணன் கேட்டபோது போய்ப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிறந்ததிலிருந்தே வராது.

ஆகஸ்ட் பதினெட்டு காலை அண்ணன் உடலை இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவரவில்லை. மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "உன் போர்டு ஒரு ஆளக் கொன்னுருக்கு. வெளிய தெரிஞ்சா நீயும் போவ, நானும் போவேன். உங்கண்ணன் திரும்பி வரப் போறதில்ல" என்றார். நான் அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு தாள் எடுத்துப் புது வாசகத்தை எழுதினேன். நிதானமாக, அழகான கையெழுத்தில். அதுதான் இன்றுவரை என்னைத் தின்கிறது.

அண்ணி, அந்தத் தகரம் கம்பெனிச் சொத்து. அனுமதி இல்லாமல் எடுத்துப் போனது திருட்டு. அவர்கள் நினைத்தால் உங்கள்மேல் வழக்குப் போடலாம். இது மிரட்டல் இல்லை, உங்கள் நன்மைக்காகச் சொல்கிறேன். என் மனைவிக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்வோம்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

திருட்டு வழக்குப் போடச் சொல். என்ன திருடினாய் என்று கேட்பார்கள், தகரம் என்பேன். என்ன தகரம் என்று கேட்பார்கள். அதற்குத்தான் காத்திருக்கிறேன்.

என்ன வேண்டும் என்று கேட்டாய். முதலில் உன் அண்ணன் எப்படிப் போனார் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ அனுப்பிய அறிக்கையில் அது இல்லை.

அவர் அந்தப் பலகைப்படி ஒரு நாளும் மூடியைத் திறந்தது கிடையாது. நீ கண்டுகொள்ளவில்லை என்றதும் தானே பார்த்துப் புரிந்துகொண்டார். விசையை அணைத்து, உருளை நிற்கும்வரை காத்திருந்துதான் திறப்பார். புதிதாக வருகிறவர்களிடம் முதல் வேலையாக, "போர்ட விடு. நிக்கட்டும், அப்புறம் தொற" என்று சொல்லிக்கொடுப்பார். ஏன் ஆபீஸில் சொல்லி மாற்றவில்லை என்று கேட்டவர்களிடம், "என் தம்பி எழுதுனது. அவனுக்கு அவமானமாப் போயிரும். நான்தான் எல்லாருக்கும் சொல்லிர்றேனே" என்றாராம். இதை எனக்கு நான்கு பெண்கள் தனித்தனியாகச் சொன்னார்கள். உன் மானத்தைத் தன் வாயால் மூடி வைத்துக்கொண்டிருந்தார். அதற்காக அவர்மேலும் எனக்குக் கோபம் உண்டு. படத்தைப் பார்த்துச் சத்தமாகவே திட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் பதினேழு ஒரு புதுப் பெண். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள். முதல் நாள் அவளை மடிக்கிற பக்கம் விட்டிருந்ததால் அவர் அவளிடம் சொல்லவில்லை. அவள் படிக்கத் தெரிந்தவள். பலகையைப் படித்தாள். கீழம்பை அமுக்கினாள். வேகம் குறைந்தது. மூடியைத் திறந்து கையை நீட்டப் போனாள். உன் அண்ணன் அந்தக் கோடியில், தள்ளுவண்டியில் ஈரப் போர்வை ஏற்றிக்கொண்டிருந்தார். கத்தினார், சத்தத்தில் கேட்கவில்லை. ஓடினார். அவளைத் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தள்ளினார். வெளியே துள்ளி வந்த ஒரு போர்வையின் முனை அவர் கையைச் சுற்றிக்கொண்டது.

உன் அறிக்கையில் உன் அண்ணன் 'மிஷினை முறையற்று ஓட்டினார்' என்று இருக்கிறது. மிஷினை அவர் ஓட்டவே இல்லை. மிஷினை நோக்கி ஓடினார். இரண்டுக்கும் இங்கிலீஷில் ஒரே வார்த்தை என்பது உங்களுக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று! அந்தப் பெண்ணை மறுநாளே வேலையை விட்டு அனுப்பி, வாயைத் திறந்தால் பழி அவள்மேல் விழும் என்று சொல்லி வைத்தார்கள். பெயின்டர்தான் அவள் வீட்டைக் காட்டினார். மூன்று நாள் அவள் வாசலில் போய் நின்றேன். நான்காம் நாள் கதவைத் திறந்தாள். என் மடியில் விழுந்து அழுதாள்.

தகரம், நீ எழுதிய தாள், உன்னுடைய மூன்று கடிதங்கள், பெயின்டருடைய வாக்குமூலம், அவளுடையது. எல்லாவற்றையும் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் இருபத்திரண்டு மறுவிசாரணை. சலவைச்சாலையிலேயே, மிஷினுக்கு முன்னால் வைக்கச் சொல்லிக் கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். உனக்கும் சம்மன் வரும். ரன் அவே என்றால் தப்பி ஓடுவது, என் நோட்டில் இருபத்திமூன்றாம் வரி. செய்து பார்.

எனக்கு வேண்டியது இதுதான். உன் பலகையை நீ உன் வாயால் படிக்க வேண்டும். அங்கே வேலை செய்கிற அத்தனை பேர் காதிலும் விழ வேண்டும்.

அண்ணி


மே 2

அண்ணிக்கு,

நீங்களும் அங்கே இருந்தீர்கள். ஆனாலும் எழுதுகிறேன், நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

வரும்போது ஒரு வாதத்தைத் தயார் செய்துகொண்டுதான் வந்தேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது. ரன் டவுன் என்ற சொல்லுக்குப் பல பொருள் உண்டு, அகராதிப்படி இரண்டு மொழிபெயர்ப்பும் ஏற்கத்தக்கவையே, பிழை என்று எதையும் சொல்ல முடியாது என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். தப்பித்துவிட்டேன் என்று ஒரு நொடி நினைத்தேன். அப்போது நீங்கள் எழுந்தீர்கள். அந்த நோட்டைக் கையில் வைத்திருந்தீர்கள்.

"ஒன்பது அர்த்தம் இருக்குங்கய்யா, எண்ணிட்டேன்" என்றீர்கள். "வண்டிய ஏத்துறதும் ரன் டவுன்தான். ஆளத் தாழ்த்திப் பேசுறதும் ரன் டவுன்தான். கைய உள்ள விடுறவங்களுக்குக் கை முழுசா வெளிய வர்ற அர்த்தம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அது இவருக்குத் தெரியும். ஜனவரியில எனக்கு எழுதியே குடுத்திருக்காரு."

என் கடிதத்தைப் படித்தார்கள். 'அதற்குத்தான் என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம்' என்ற வரி வந்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் கேட்கிறது.

பிறகு அதிகாரி அந்தத் தகரத்தை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். எண்பது பேர். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். மெதுவாகப் படித்தேன். "சத்தமா" என்றீர்கள். மறுபடி படித்தேன். அடியில் இருக்கிற பெயரையும் படிக்கச் சொன்னீர்கள். படித்தேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அதிகாரி மிஷினை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓட்டினார்கள். விசையை அணைத்துவிட்டு, முழுவதும் நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது பார்ப்போம் என்று கடிகாரத்தைக் கையில் எடுத்தார். முதலில் இரைச்சல், பிறகு முனகல், பிறகு ஒவ்வொரு சுற்றும் தனித்தனியாகக் கேட்டது. நான்கு நிமிடம் இருபது நொடி. நான் அந்த மிஷினை முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். அண்ணன் ஒவ்வொரு முறையும் இவ்வளவு நேரம் நின்றிருக்கிறார். ஒரு நாளைக்கு எத்தனை முறை நின்றிருப்பார்?

மேனேஜரையும் என்னையும் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். பலகையை மாற்றிச் சாட்சியத்தை மறைத்ததற்கு வழக்கும் வரும். என் மனைவி தன் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். "சொந்த அண்ணன் செத்தத மாத்தி எழுதுன ஆளு, நாளைக்கு என்னப் பத்தி என்ன எழுதுவீங்க?" என்று கேட்டாள்.

நீங்கள் நினைத்தது நடந்துவிட்டது. மனம் ஆறியதா அண்ணி?

கோபமாகக் கேட்கவில்லை. நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, கேட்டாலும் கிடைக்காது. ஒரே ஒன்று கேட்கிறேன். வெளியே வரும்போது அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டியில் கூட இருந்தவள் அவள்தானாம். வழியில் அவருக்கு நினைவு இருந்ததாம், பேசினாராம். என்ன பேசினார் என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அக்காகிட்ட சொல்லிட்டேன். அக்காகிட்டயே கேளுங்க" என்று போய்விட்டாள்.

அண்ணன் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

தம்பி


மே 11

தம்பிக்கு,

மனம் ஆறியதா என்று கேட்டாய். ஆறியது. பொய் சொல்வானேன்? இப்படியெல்லாம் செய்தால் ஒன்றும் மிஞ்சாது, வெறுமைதான் என்று காஜா போடுகிற இடத்தில் ஒருத்தி எனக்குப் புத்தி சொன்னாள். அவள் சொன்னது தப்பு. திருத்தின அறிக்கை போன வாரம் வந்தது. இந்த முறை தமிழில் வந்தது. 'சக தொழிலாளியைக் காப்பாற்றும் முயற்சியில் உயிரிழந்தார்' என்று இருக்கிறது. அதைப் பெரியதாக எழுதிச் சலவைச்சாலை வாசலில் ஒட்டச் சொன்னேன். ஒட்டியிருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அன்று இரண்டு வேளையும் வயிறாரச் சாப்பிட்டேன். அந்தப் பெண்ணை மறுபடி வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். நீ தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

நீ கடைசியாகக் கேட்டதற்கு வருகிறேன்.

சொன்னார். உன்னைப் பற்றித்தான் சொன்னார். என்னைப் பற்றிக்கூட இல்லை. நாலே வார்த்தை. அந்தப் பெண் அதை அப்படியே, அவர் இழுத்து இழுத்துச் சொன்ன மாதிரியே எனக்குச் சொன்னாள். நீ கேட்டால் சொல்லக் கூடாது என்று நான்தான் அவளிடம் சத்தியம் வாங்கினேன்.

அதை நான் உனக்குச் சொல்ல மாட்டேன்.

திட்டினாரா, மன்னித்தாரா என்று கேட்டு எழுதாதே. நேரில் வந்தாலும் கதவு திறக்காது. எந்த வார்த்தையைக் கொடுத்தாலும் அதற்குப் பத்து அர்த்தம் கண்டுபிடித்து, உனக்குத் தோதானதை எடுத்துக்கொண்டு, மீதியைத் தூக்கிப் போடுகிறவன் நீ. அவர் கடைசியாகச் சொன்னதை உன் கையில் கொடுத்தால் அதையும் அப்படித்தான் செய்வாய். ஆறு மாதத்தில் உனக்கு நல்லதாக ஒன்றைச் செய்துகொண்டு நிம்மதியாகச் சாப்பிடுவாய்.

அது என்னோடேயே இருக்கட்டும். நீ யோசித்துக்கொண்டு இரு.

உன் அண்ணனின் மனைவி